கம்பத்தில் மாட்டிய கோட்டு

ஜூன் 11, புதன்

கத்திரி முடிந்து இரண்டு வாரமாகிறது. வெயிலுக்கு யாரும் தகவல் சொல்லவில்லை போலிருக்கிறது. எட்டரைக்கே ஹெல்மெட்டுக்குள் தலை வெந்துவிட்டது.

இன்றைக்குச் செய்ய வேண்டியவை என்று காலையில் எழுதி வைத்தது: காஸ் புக் பண்ண. அபியின் சுடிதார் ஆல்ட்ரேஷன். வண்டிக்குக் காற்று. தயிர்.

ஒன்றும் செய்யவில்லை. தயிர்கூட வாங்கவில்லை.

நடந்ததை இன்றைக்கே எழுதிவிடுகிறேன். விபத்து க்ளெய்முக்கு வருகிறவர்களிடம் நானே சொல்வதுதான்: அன்றைக்கே எழுதி வையுங்கள், மறுநாளைக்கு ஞாபகம் உங்கள் பக்கம் சாய்ந்துவிடும் என்று.

8.50 இருக்கும். ஆழ்வார்பேட்டைப் பக்கம், தினமும் போகிற சிக்னல். மூன்று தெரு வந்து முட்டுகிற இடம். மஞ்சள் விழுந்தது. நின்றேன். பின்னால் வந்த பைக் இடித்தது. நான் விழவில்லை. ஸ்கூட்டர் ஒரு முழம் முன்னால் போய் நின்றது, பின்விளக்கு தூள். பைக் சாய்ந்துவிட்டது. ஓட்டியவனுக்கு முப்பத்தைந்து வயதிருக்கும், முட்டியில் சிராய்ப்பு. பின்னால் ஒருபக்கமாக உட்கார்ந்திருந்த அவன் மனைவி கையை ஊன்றி விழுந்தாள். வலது மணிக்கட்டு. எலும்பு போய்விட்டது என்று பார்த்தவுடனேயே தெரிந்தது. ஹெல்மெட் போட்டிருந்ததால் தலை தப்பித்தது. டிபன் டப்பா திறந்து புளிசாதம் ரோடெல்லாம். அவள் அழவில்லை. இடது கையால் சாதத்தை வழித்து டப்பாவுக்குள் தள்ளிக்கொண்டிருந்தாள். அதைத்தான் மறக்க முடியவில்லை.

கூட்டம் கூடிவிட்டது. எல்லோரும் அவனைத்தான் திட்டினார்கள். நானும். "சிக்னல்ல நிக்கக் கூடாதா? நிக்கறதுக்குத்தானே சிக்னல்?" என்று நன்றாகவே கேட்டேன். டீக்கடைக்காரர், மேடம் கரெக்டாகத்தான் நின்றார்கள், நான் பார்த்தேன் என்றார். அவர் அப்போது ரோட்டுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு வடை எடுத்துக்கொண்டிருந்தார்.

பைக்கில் வந்தவன் என் முகத்தை ஒரு தடவை பார்த்தான். பிறகு ஸ்கூட்டரின் பின்பக்கம் மாட்டியிருந்த என் நீலப் பையைப் பார்த்தான்.

டிராஃபிக் ஏட்டு எங்கிருந்தோ ஓடி வந்தார். ஆட்டோ பிடித்து அவர்களை அரசு ஆஸ்பத்திரிக்கு அனுப்பினார். என் பேர், போன் நம்பர், லைசென்ஸ் எல்லாம் போட்டோ எடுத்துக்கொண்டார். ஸ்டேஷனிலிருந்து கூப்பிடுவார்கள், ஸ்டேட்மென்ட் எழுதித் தர வேண்டும் என்றார்.

சாயங்காலம் ரமணனிடம் சொன்னேன். தொட்டுத் தொட்டுப் பார்த்துவிட்டு, எனக்கு ஒன்றுமில்லை என்று தெரிந்ததும் டி.வி.யைப் போட்டுவிட்டார். "நீ ரூல்படி நின்னே. அவன் பின்னாடி வந்து இடிச்சான். இதுல பேசறதுக்கு என்ன இருக்கு?"

இல்லைதான்.


ஜூன் 12, வியாழன்

பின்விளக்கு இல்லாமல் வண்டியை எடுக்கவில்லை. பஸ். தேனாம்பேட்டை போய்ச் சேர முக்கால் மணி. நின்றுகொண்டே.

ஆபீஸில் ஒரே சிரிப்பு. இருபத்திரண்டு வருஷமாக இன்ஷூரன்ஸில் மோட்டார் செக்‌ஷன் எனக்கு. வருகிற க்ளெய்ம் ஃபாரத்தில் பாதிக்குப் பாதி ஒரே வாக்கியம்: "முன்னால் சென்ற வாகனம் திடீரென்று நின்றுவிட்டதால்." சொல்லி வைத்த மாதிரி எல்லோரும் எழுதுவார்கள். லாரிக்காரர், டாக்டர், கோயில் குருக்கள், யாராக இருந்தாலும். நாங்கள் அதற்கு வைத்திருக்கும் பேர் மு.வா.தி. வசந்தா ஃபைலைத் தூக்கிப் போடும்போதே, இன்னொரு மு.வா.தி. என்று சொல்லித்தான் போடுவாள். நான் ஓரத்தில் பென்சிலால் எழுதுவது: "முன்வாகனம் நின்றால் நிற்கும் தூரத்தில் வந்திருக்க வேண்டும்." இதைக் குறைந்தது ஆயிரம் தடவை எழுதியிருப்பேன்.

இன்றைக்கு வசந்தா கேட்டாள், "என்ன மேடம், கடைசியில நீங்களே முன்வாகனம் ஆயிட்டீங்களே?"

சிரித்தேன். மத்தியானம் சாப்பாடு இறங்கவில்லை. புளியோதரை கொண்டு போனது தப்பு.


ஜூன் 13, வெள்ளி

லீவு சொல்லிவிட்டு ஆஸ்பத்திரி. ரமணனிடம் சொல்லவில்லை. இரண்டு பாக்கெட் ஆரஞ்சு ஜூஸ், பிஸ்கட். வெறுங்கையோடு போகக் கூடாதே என்று வாங்கியது. கையில் பிடித்தபிறகு, என்னத்துக்கு இது என்று தோன்றியது.

அவள் பேர் தேவி. அவன் பாபு. தேவிக்கு தி. நகரில் ஒரு துணிக்கடையில் பட்டுப்புடவை செக்‌ஷன். நாளெல்லாம் பிரிப்பதும் மடிப்பதும்தான் வேலை. முழங்கை வரைக்கும் மாவுக்கட்டு. ஆறு வாரம். ஆறு வாரம் என்றால் ஆடி பிறந்துவிடும். ஆடித் தள்ளுபடியில் கடையில் நிற்க இடமிருக்காது, அந்த நேரத்தில் ஒரு கைக்காரியை வைத்துக்கொண்டு முதலாளி என்ன செய்வார் என்று சாதாரணமாகச் சொன்னாள். தென்காசிப் பக்கத்து முதலாளியாம், நல்லவராம், ஆனாலும் கடை கடைதான்.

பாபு கால்டாக்சி ஓட்டுகிறான். கார் இன்னொருவருடையது. காலையில் தேவியைக் கடையில் விட்டுவிட்டு, அப்படியே போய் காரை எடுப்பானாம். இடித்தது அவன் என்பதால் கேஸ் அவன் மேல்தான். காயம் பட்டது சொந்தப் பெண்டாட்டிக்கே என்றாலும் கேஸ் கேஸ்தான். என் ஸ்டேட்மென்ட் வந்ததும் லைசென்சை நிறுத்தி வைக்கச் சொல்லி எழுதுவார்களாம். மூன்று மாதம். அதுவரை காரை வேறு ஆளிடம் கொடுத்துவிடுவார் ஓனர். பிறகு திரும்பக் கிடைக்காது.

நான் என் பாட்டைப் பாடினேன். கவனமாக வர வேண்டாமா, இடைவெளி விட்டு வர வேண்டாமா. ஓரத்தில் பென்சிலால் எழுதுவதை வாயால் சொன்னேன். அவன் முழுக்கக் கேட்டுக்கொண்டான். பிறகு, குரலை உயர்த்தாமல்:

"மேடம், நான் சிக்னலப் பாக்கறதே இல்ல. உங்க நீலப் பையைத்தான் பாப்பேன். நீங்க போனா நானும் வந்துடுவேன். ஒரு வருசமா அப்டித்தான் உங்க பின்னால வந்துகினு கீறேன். அன்னிக்கும் நீங்க முறுக்குனீங்க. முறுக்கிட்டு நின்னுட்டீங்க."

தேவி, "விடுய்யா, அவங்க இன்னா பண்ணுவாங்க" என்றாள்.

வெளியே வந்து வீட்டுக்குப் பஸ் பிடித்தேன்.

புதன்கிழமை எழுதியதைத் திரும்பப் படித்தேன். "மஞ்சள் விழுந்தது. நின்றேன்." இரண்டு வாக்கியத்துக்கும் நடுவில் ஒன்றை விட்டிருக்கிறேன். மஞ்சள் விழுந்தது, முறுக்கினேன், போலீசைப் பார்த்தேன், பிரேக்கை இறுக்கினேன். அதுதான் நடந்தது. அன்றைக்கே எழுதியும் ஞாபகம் என் பக்கம் சாய்ந்துவிட்டது. மறுநாள் வரை காத்திருக்கவில்லை.

தினமும் மஞ்சளில் நான் போகிறவள். இதை எழுத வெட்கமாக இருக்கிறது. சிவப்பில் போனதில்லை, ஒருவழியில் எதிரே போனதில்லை, வண்டி ஓட்டுகிற பத்தொன்பது வருஷத்தில் ஒரு ஃபைன் கட்டியதில்லை. ஊரெல்லாம் பீற்றிக்கொண்டிருக்கிறேன். மஞ்சளைக் கணக்கில் சேர்த்ததே இல்லை. மஞ்சள் என்றால் சீக்கிரம் போ என்று அர்த்தம், எனக்கும் இந்த ஊருக்கும்.


ஜூன் 14, சனி

ஆபீஸ் இல்லை. ரமணனிடம் கற்பகாம்பாள் கோயில் என்று சொல்லிவிட்டு நடந்தே அந்தச் சிக்னலுக்குப் போனேன். டீக்கடைப் பக்கம் பிளாட்பாரத்தில் நின்று மஞ்சள் விழுகிறபோதெல்லாம் பார்த்தேன்.

பார்த்தவை:
ஆட்டோ, மஞ்சள், பறந்தது.
காலேஜ் பையன்கள் மூவர் ஒரே வண்டியில். பறந்தார்கள்.
கார், உள்ளே ஸ்லோகம் ஓடுகிற சத்தம். பறந்தது.
மாமா ஒருத்தர், நெற்றியில் திருமண், பழைய மொபெட். ஸ்டாப் லைனுக்கு முன்னால் அழகாக நின்றார். பின்னால் நாலு பேர் ஹாரன். ஒருத்தன், யோவ் பெருசு, உன்கு வேற வேல இல்லியா என்று கேட்டுவிட்டுச் சுற்றிக்கொண்டு போனான்.
தண்ணி லாரி. சொல்ல வேண்டியதில்லை.

ஏட்டு நடுவில் போய் நின்றதும் எல்லோரும் நின்றார்கள். மஞ்சளுக்கு முன்னாலேயே சிலர்.

பிறகுதான் அதைப் பார்த்தேன். ஏட்டு தன் பளபளக்கிற பச்சைக் கோட்டைக் கழற்றி, சிக்னல் பெட்டிக்குப் பக்கத்துக் கம்பத்தில் மாட்டினார். மேலே தொப்பியை வைத்தார். சந்துக்குள் போய்விட்டார். என் பக்கத்திலிருந்து பார்த்தால் வெறும் கோட்டு என்று தெரிகிறது. வண்டியில் வருகிறவர்கள் பக்கத்திலிருந்து பார்த்தால் ஓர் ஆள் நிற்கிறார். அச்சாக ஆள்தான். அவர் இல்லாத அந்த ஐந்து நிமிஷமும் பாதி வண்டிகள் மஞ்சளில் நின்றன.

புதன்கிழமையும் அவர் எங்கிருந்தோதானே ஓடி வந்தார். ஆக, அன்றைக்கு நான் நின்றது சட்டத்துக்கு இல்லை. போலீசுக்கும் இல்லை. கோட்டுக்கு.

சிரிப்பு வந்தது. உடனே தேவி இடது கையால் சாதம் அள்ளியது ஞாபகம் வந்து நின்றுவிட்டது.

திரும்பி வந்த ஏட்டு என்னை அடையாளம் கண்டுகொண்டார். முகம் கறுத்தது. ஓரமாக அழைத்துப் போய்ச் சொன்னார். காலை ஆறுக்கு வந்தால் பகல் இரண்டு வரை நிற்க வேண்டும். சர்க்கரை. அடக்க முடியாது. பக்கத்தில் பாத்ரூம் கிடையாது, சந்துக்குள் இருக்கிற கல்யாண மண்டபத்து வாட்ச்மேன் இரக்கப்பட்டு விடுகிறார். முகூர்த்த நாளில் அதுவும் இல்லை. இடத்தை விட்டுப் போகக் கூடாது, போகாமலும் முடியாது. கோட்டை மாட்டிவிட்டுப் போனால் பாதிப் பேராவது நிற்பான் என்று இத்தனை வருஷமாகச் செய்கிறாராம். ஒன்றும் ஆனதில்லையாம்.

கடைசியில் விஷயத்துக்கு வந்தார். "ஏட்டு கை காட்டினார், நான் நின்னேன்னு ஒரு வரி எழுதிட்டீங்கன்னா போதும் மேடம். உங்களுக்கும் நல்லது, எனக்கும் நல்லது. ரிட்டயர்டுக்கு ரெண்டு வருசம் இருக்கு."

எனக்கு நல்லதுதான். போலீஸ் கை காட்டி நின்றவளை எந்தக் கோர்ட்டும் கேட்காது. அவருக்கும் நல்லது. யாருக்குக் கெட்டது என்று இரண்டு பேருமே சொல்லிக்கொள்ளவில்லை.

பார்க்கலாம் என்றேன். பார்க்கலாம் என்பது எவ்வளவு சௌகரியமான வார்த்தை.


ஜூன் 15, ஞாயிறு

மூட்டம். தூறல் நாலு சொட்டு, ஊரே புழுக்கம். வெண்டைக்காய் வதக்கல் அடிப்பிடித்தது.

இட்லிக்கு நடுவில் சொல்லிவிட்டேன். முறுக்கியது, கோட்டு, ஏட்டு, எல்லாம். ரமணன் தட்டைத் தள்ளி வைத்தார்.

"நீ முறுக்கினது உனக்குத்தான் தெரியும். அந்தப் பக்கம் கேமராவும் இல்லை. நீயா எதுக்குப் போய் வாயைக் குடுக்கறே? சும்மா இருக்கற சங்கை ஊதிக் கெடுக்காதே."

அபி தரமணி ஆபீஸ் லேப்டாப்போடு வந்து உட்கார்ந்தாள். அவளுக்கு எல்லாவற்றுக்கும் நியாயம் தெரியும், இருபத்தாறு வயது. பின்னால் வருகிறவன்தான் இடைவெளி விட வேண்டும், அவன் உன்னையே நம்பி வந்தால் அது அவன் தப்பு என்றாள். சரிதான். என் பென்சில் குறிப்பும் அதைத்தான் சொல்கிறது. அவன் தப்பு இல்லை என்று நானும் சொல்லவில்லை. மனைவியைப் பின்னால் உட்கார வைத்துக்கொண்டு எவனாவது சிக்னலைப் பார்க்காமல் ஒரு பையைப் பார்த்துக்கொண்டு வருவானா? ஆனால் அவனிடம் மூன்று மாத லைசென்ஸ் போகும். என்னிடம் பின்விளக்கு போனது. இரண்டு பேரும் அதே மஞ்சளில்தான் போகப் பார்த்தோம்.

அபி கேட்டாள், அப்படியானால் ஏட்டு? உண்மையெல்லாம் எழுதினால் அவர் மாட்டுவாரே, அம்மா, அவருக்குச் சர்க்கரை, அதற்கு என்ன செய்யப் போகிறாய்?

மத்தியானம் முழுக்க அதையே யோசித்துக்கொண்டு துணி மடித்தேன். ஒரு புடவையை இடது கையால் மட்டும் மடித்துப் பார்த்தேன். முடியவில்லை. மடிப்பு விரிந்து விரிந்து வந்தது. ரமணன் வாசலில் நின்று பார்த்துவிட்டுப் போய்விட்டார்.

ஊருக்குத்தான் உபதேசம் என்று வசந்தா என்னைச் சொல்வாள், டயட் விஷயத்தில்.


ஜூன் 16, திங்கள்

ஸ்டேஷனிலிருந்து போன், பதினோரு மணிக்கு வரச் சொல்லி. அரை நாள் லீவு. ரமணன் ஸ்டேஷன் வாசல் வரை வந்தார். உள்ளே வரவில்லை. கோபம்.

எஸ்.ஐ. சின்ன வயது. மேஜை முழுக்க ஃபைல், நடுவில் ஒரு மிக்ஸர் பாக்கெட். வெள்ளைத்தாள் கொடுத்து எழுதச் சொன்னார். ஏட்டும் இருந்தார், மூலையில், நின்றுகொண்டு. பாபு வெளியே பெஞ்சில். தேவி வரவில்லை.

மூன்று தாளைக் கிழித்தேன். நாலாவதில் எழுதியது ஏறக்குறைய இது: மஞ்சள் விழுந்தது. நான் வழக்கமாக மஞ்சளில் நிற்பதில்லை. அன்றும் கடந்துவிடலாம் என்று வேகம் கூட்டினேன். எதிரே போலீஸ்காரர் நிற்பதாக நினைத்துச் சட்டென்று பிரேக் போட்டேன். வேகம் கூட்டியதால் நான் போய்விடுவேன் என்று பின்னால் வந்தவர் எண்ணியிருக்கலாம். கையெழுத்து.

"நினைத்து" என்ற வார்த்தையை நேற்று ராத்திரி படுக்கையில் கண்டுபிடித்தேன். பொய் இல்லை. கோட்டைப் பற்றியும் இல்லை.

எஸ்.ஐ. இரண்டு தடவை படித்தார். நீங்கள் சொல்லாவிட்டால் யாருக்கும் தெரியாதே என்றார். ஆமாம் என்றேன். அப்புறம் விரலை ஒரு வரியில் வைத்தார்.

"போலீஸ்காரர் நிக்கறதா நினைச்சீங்களா, பாத்தீங்களா?"

ஏட்டு என்னைப் பார்க்கவில்லை. சுவரில் இருந்த காலண்டரைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"நினைச்சேன் சார்."

எஸ்.ஐ. ஏட்டை ஒரு பார்வை பார்த்தார். அவருக்குத் தெரியும் என்றுதான் எனக்குப் படுகிறது. எல்லா ஸ்டேஷனிலும் ஒரு கோட்டு இருக்குமோ என்னவோ. ஒன்றும் கேட்கவில்லை. அந்தச் சிக்னலில் ஏட்டுக்கு நடுவில் மாற்று ஆள் போட முடியுமா பார் என்று மட்டும் யாரிடமோ போனில் சொன்னார். அது இதற்காகத்தானா, தெரியாது.

என்னிடம், அவசியமில்லாமல் சட்டென்று பிரேக் போடக் கூடாது என்றே ஒரு விதி இருக்கிறது, தெரியுமா என்று கேட்டார். தெரியாது. இருபத்திரண்டு வருஷம் மோட்டார் செக்‌ஷன், தெரியாது. மு.வா.தி. எழுதியவர்களில் எத்தனை பேர் உண்மையைத்தான் எழுதினார்களோ. பென்சிலால் எழுதி எழுதித் தள்ளினேனே.

முடிவு: எனக்கு ஃபைன். வாழ்க்கையில் முதல். பாபுவுக்கும் ஒரு ஃபைன். அவன் கேஸ் கோர்ட்டுக்குப் போகும், அதை நிறுத்த முடியாது, ஆனால் லைசென்சை நிறுத்தச் சொல்லித் தான் எழுதப் போவதில்லை என்றார் எஸ்.ஐ. காரை ஓட்டலாம்.

வெளியே வந்ததும் பாபு எழுந்து நின்றான். நன்றி சொல்வான் என்று நினைத்தேன், அப்படி நினைத்ததற்கு இப்போது கூச்சம். தேவி கடையில் இன்னும் ஒன்றும் முடிவாகச் சொல்லவில்லை என்றான். பிறகு, "நீங்க ஏன் மேடம் எழுதுனீங்க?" என்று கேட்டான். நடந்ததுதானே என்றேன். தலையை ஆட்டிவிட்டு பைக்கை எடுத்தான். போகும்போது ஸ்டேஷன் கேட்டிலேயே நின்று இரண்டு பக்கமும் பார்த்துவிட்டுப் போனான்.

ரமணன் செலான் ரசீதை வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "நின்னதுக்கு ஃபைனா? லோகத்துல வேற யாருக்காவது இது நடந்திருக்குமா?" வீடு வரை வேறு பேச்சில்லை. ஆனால் வரும் வழியில் லஸ்ஸில் நிறுத்தி தயிர் வாங்கினார், நான் சொல்லாமலேயே.


ஜூன் 18, புதன்

பின்விளக்கு போட்டாகிவிட்டது. காற்றும்.

சாயங்காலம் பழைய லைசென்ஸ் புத்தகத்தைத் தேடி எடுத்தேன். அடையாற்றில் டிரைவிங் ஸ்கூலில் கொடுத்தது, முனை எல்லாம் கரையான். கை சிக்னல் படங்கள். வேகத்தைக் குறைக்கப் போகிறேன்: வலது கையை நீட்டி, உள்ளங்கை கீழே பார்க்க, மேலும் கீழும் மெதுவாக ஆட்ட வேண்டும். டெஸ்ட் அன்றைக்குச் செய்து காட்டினேன், ஆர்.டி.ஓ. தலையசைத்தார். அன்றைக்கு அப்புறம் அந்தக் கையை நீட்டியதே இல்லை. யாரும் நீட்டிப் பார்த்ததும் இல்லை.

கூடத்தில் ஸ்டூலில் உட்கார்ந்து செய்து பார்த்தேன். அபி, என்னம்மா, நாய்க்குட்டியைத் தடவறியா என்றாள்.


ஜூன் 19, வியாழன்

முதல் நாள் வண்டி. நீலப் பையை மாட்டலாமா வேண்டாமா என்று ஒரு நிமிஷம். மாட்டினேன்.

சிக்னலுக்கு நாற்பது அடி இருக்கும்போதே கையை நீட்டினேன். அப்போதுதான் ஒன்று தெரிந்தது. ஸ்கூட்டரில் வலது கையை எடுத்தால் ஆக்ஸிலரேட்டர் தானே விட்டுப்போகிறது. முறுக்கிக்கொண்டே கை காட்ட முடியாது. அந்தப் புத்தகத்தை எழுதியவர் விவரமானவர், அல்லது யோசிக்காமலே எழுதிவிட்டார்.

மஞ்சள். நின்றேன். பின்னால் வந்த ஒரு ஸ்கூட்டர்காரன் பக்கத்தில் வந்து நிறுத்தினான். வேறு வழியில்லை அவனுக்கு.

"இன்னாக்கா, ஆட்டோவா கூப்புட்டே?"

"இல்லப்பா. நிக்கப் போறேன்னு சொன்னேன்."

அவன் சிக்னலைப் பார்த்தான், என்னைப் பார்த்தான். இதைப் போய் வாயால் சொல்ல வேண்டுமா என்கிற முகம். கம்பத்தில் இன்றைக்குக் கோட்டு இல்லை. ஏட்டு நடுவில் இருந்தார், என்னைப் பார்த்தும் பார்க்காத மாதிரி. மண்டபத்தில் முகூர்த்தம், நாகஸ்வரம் கேட்டது. பாவம்.

ஆபீஸில் மூன்று மு.வா.தி. வந்தது. பென்சிலை எடுத்துவிட்டு வைத்துவிட்டேன். மூன்று பேரையும் நேரில் வரச் சொல்லி எழுதினேன். வசந்தா, மேடத்துக்கு வேலை ஜாஸ்தியாகிவிட்டது என்றாள்.


ஜூன் 20, வெள்ளி

தேவிக்குப் போன் செய்தேன். கடையில் டோக்கன் கொடுக்கிற ஸ்டூலில் உட்கார வைத்திருக்கிறார்களாம், இடது கையாலேயே கொடுக்கலாமே என்று. ஆடி வரை பார்க்கலாம் என்றாராம் முதலாளி. நான் சொன்ன அதே பார்க்கலாம். பஸ்ஸில்தான் போகிறாளாம், பாபு விட வருவதில்லை, அவள்தான் வேண்டாமென்று சொல்லிவிட்டாள். கை வலி எப்படி என்றேன். ராத்திரியில் குடைகிறது என்றாள்.

வைக்கும்போது சொன்னாள், "அன்னிக்கு சாதம் போச்சேன்னுதான்க்கா எனக்குப் பெருசா இருந்துச்சு. விடிகாலைல எழுந்து செஞ்சது."

மன்னித்துவிடு என்று சொல்ல வாய் வந்தது. சொன்னேன். அவள் பேச்சை மாற்றிவிட்டாள்.


ஜூன் 23, திங்கள்

மழை வரும் போல இருந்து வரவில்லை. காஸ் புக் பண்ணியாயிற்று. சுடிதார் இன்னும் கிடக்கிறது.

8.50. கண்ணாடியில் பார்த்தேன். பாபு. பின் சீட் காலி. முன்பெல்லாம் என் பின்சக்கரத்தை ஒட்டியே வருவான் போலிருக்கிறது, நான் கவனித்ததில்லை. இன்றைக்கு நடுவில் இரண்டு வண்டி நிற்கிற இடம். அந்த இடத்தில் நுழையப் பார்த்த ஆட்டோவையும் விடவில்லை.

பச்சைதான். எந்த நிமிஷமும் மஞ்சள் விழும் என்று தெரியும். கையை நீட்டினேன், கீழே பார்த்த உள்ளங்கை, மேலும் கீழும்.

கண்ணாடியில் அவனும் கையைத் தூக்கினான். எனக்கு வணக்கம் சொல்கிறானோ என்று ஒரு நிமிஷம் நினைத்துவிட்டேன். இல்லை. அவனுக்குப் பின்னால் வருகிறவருக்குச் சொல்கிறான்.